மவுஸ் தொடாத கை

மார்ச் 3, செவ்வாய்

மணிக்கட்டுக்குப் பட்டை போட்டாயிற்று. கட்டைவிரல் அடியில் தசைநார் வீங்கியிருக்கிறதாம். பிசியோதெரபி அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைப் பண்ணுங்க, பரவால்ல. மவுஸைப் பிடிச்சு இழுக்கிற வேலை மட்டும் வேணாம்" என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார். சப்டைட்டில் போடுகிறவளுக்குப் பாதி வேலை அதுதானே? வீடியோ ஒரு ஜன்னல், வசனம் ஒரு ஜன்னல், அகராதி ஒரு ஜன்னல். ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். நாள் முழுக்க இதை நகர்த்து, அதை இழு.

மேலாளரிடம் சொன்னேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "கை குணமாகட்டும்மா. அதுவரைக்கும் வரவேற்புல உக்காருங்க. இருபத்தொண்ணாம் தேதி நேரலையை வேற யாராவது பாத்துப்பாங்க" என்றார்.

அந்த நேரலை நான் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. காது கேளாத பெற்றோர்களுக்கான கூட்டம். மேடையில் குழந்தை மருத்துவர் பேசப் பேச, பெருந்திரையில் எழுத்து ஓட வேண்டும். வேற யாராவது என்றால் யார்? அந்த வேகத்தில் அங்கே யார் தட்டுகிறார்கள்?

மார்ச் 4, புதன்

சாப்பாட்டு மேசையில் என் புலம்பலை நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். மென்பொருள் எழுதுகிறவள், எங்களோடுதான் இருக்கிறாள்.

"அண்ணி, மவுஸே வேணாம். டைலிங் விண்டோ மேனேஜர் போட்டுக்கோங்க. தரையில பதிச்ச டைல்ஸ் மாதிரி ஜன்னலெல்லாம் பக்கத்துல பக்கத்துல தானா உக்காந்துக்கும். எல்லாமே கீபோர்டுதான்."

அப்புறம் ஒரு சிரிப்பு. "ஆனா எந்தக் கீ என்ன செய்யணும்னு நீங்களே எழுதிக்கணும். பொறுமை வேணும். உங்களுக்கு ஒத்துவராது."

ஒத்துவராதாம்!

மார்ச் 5, வியாழன்

அவளுடைய பழைய லேப்டாப்பை வாங்கி, அந்த விண்டோ மேனேஜரை அதில் ஏற்றிவிட்டேன். கறுப்புத் திரை. ஐகான் இல்லை, மெனு இல்லை, கீழே ஒரு கோட்டில் கடிகாரம் மட்டும். இதற்கா இவ்வளவு பில்டப்?

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டு. விதிகளெல்லாம் ஒரே ஒரு கோப்பில், சாதாரண எழுத்தில். வரிக்கு ஒரு கட்டளை. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு H தட்டினால் இடப்பக்க ஜன்னல், L தட்டினால் வலப்பக்கம். நான் எழுதினேன், அது கேட்டது! ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததற்கு மட்டும் திரையின் உச்சியில் சிவப்புப் பட்டையைக் காட்டி மானத்தை வாங்கியது.

"யாரோட சண்டை?" என்று சமையலறையிலிருந்து கணவர்.

"அடைப்புக்குறியோட."

"சரி சரி, நடத்து."

இன்னொரு கூத்து. "சேமிக்கட்டுமா?" என்று கேட்கும் துக்கடாப் பெட்டி, கூட்டத்துக்குக் கடைசியில் வந்து முன்வரிசையில் கால் நீட்டி உட்காருகிறவர் மாதிரி, பாதித் திரையைப் பிடித்துக்கொண்டது. அது மட்டும் மேலே மிதக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அடங்கியது.

மார்ச் 10, செவ்வாய்

வரவேற்பு மேசை. வருகிறவர்களெல்லாம் என்னிடம் கேட்பது கழிவறை எங்கே என்றுதான்.

மார்ச் 13, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

இதுவரை ஆங்கில விசைப்பலகையிலேயே ஒத்திகை பார்த்திருக்கிறேன், மடச்சி. இன்று தமிழுக்கு மாற்றித் தட்டினேன். வசனம் பிரமாதமாக ஓடியது. ஜன்னல் மாற்றப் போனால் அசையவில்லை. ஒரு விசையும் வேலை செய்யவில்லை. கல் மாதிரி நிற்கிறது.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "எனக்கு நல்லாத்தானே ஓடுது அண்ணி!"

"நீ என்னிக்குடி தமிழ்ல டைப் பண்ணியிருக்கே?"

தலையைச் சொறிந்தாள். "ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷுக்கு மாத்திட்டுத் தட்டுங்களேன்…"

மேடையில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் மொழி மாற்றிக்கொண்டிருக்கிறேன் – நல்லா இருக்கும். வரவேற்பிலேயே காலத்தை ஓட்டிவிட வேண்டியதுதானா?

மார்ச் 15, ஞாயிறு

பிடித்துவிட்டேன்! பிடித்துவிட்டேன்!

குளிக்கும்போது உறைத்தது. அது H என்ற எழுத்துக்காகக் காத்திருக்கிறது. தமிழில் அதே விசை தருவது 'க'. பாவம், அதற்கு எப்படித் தெரியும், இரண்டும் ஒரே கட்டை என்று? அப்படியானால் எழுத்தைச் சொல்லாமல் கட்டையைச் சொல்ல வழி உண்டா?

உண்டு. ஈரத்தலையோடு கையேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் இருக்கிறது. எந்த மொழியில் இருந்தாலும் எண் மாறாது. தட்டினால் எண்ணைச் சொல்லும் குட்டி நிரல் ஒன்றும் கிடைத்தது. ஆங்கிலத்தில் H: 43. தமிழில் 'க': 43. கோப்பில் எழுத்துகளையெல்லாம் தூக்கிவிட்டு எண்களைப் போட்டேன்.

தமிழிலேயே தட்டினேன். நடுவில் பக்கத்து ஜன்னலுக்குத் தாவினேன். தாவியது!

நான் போட்ட சத்தத்தில் நாத்தனார் ஓடி வந்தாள். கோப்பை மேலும் கீழும் படித்தாள். "இது எனக்குத் தோணவே இல்லையே அண்ணி! கையைக் குடுங்க… ஐயோ, அது வேணாம், இடது கையைக் குடுங்க."

மார்ச் 16, திங்கள்

லேப்டாப்பை மேலாளர் மேசையில் வைத்தேன். "மவுஸ் எங்கம்மா?" என்று குனிந்து தேடினார். "நீங்க பேசுங்க சார், எவ்வளவு வேகமா வேணும்னாலும்" என்றேன். செய்தித்தாளை எடுத்துக் கடகடவென்று படித்தார். நான் தட்டத் தட்ட எழுத்து ஓடியது. சந்தேகம் வந்த சொல்லுக்கு அகராதிக்குத் தாவித் திரும்பினேன். முதலில் நாக்குக் குழறியது அவருக்குத்தான்.

"சரி, நீங்களே போங்க. அங்க போய் என் மானத்தை வாங்கிடாதீங்க."

மார்ச் 21, சனி

அரங்கம் நிறைந்திருந்தது. மடியில் குழந்தைகள். மருத்துவர் காய்ச்சல், வலிப்பு, எப்போது ஓடி வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். தலைகளெல்லாம் பெருந்திரையை நோக்கி. என் விரல்களை நம்பி இத்தனை பேரா? முதல் வரி ஓடியதும் பயம் போய்விட்டது.

பாதியில் யாரோ ஒயரில் கால் தடுக்கினார்கள். பெருந்திரை இருண்டது. மருத்துவர் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒரு தாய் பதறி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் தட்டுவதை நிறுத்தவில்லை. மின்பணியாளர் ஒயரைச் செருகினார். பெருந்திரை விழித்தது – வெறுமையாக. இணைப்பு அறுந்ததும் வசன ஜன்னல் என் லேப்டாப் திரைக்கு ஓடி வந்து ஒளிந்துகொண்டிருந்தது. ஒரே தட்டு. போய் உட்கார்ந்தது, விட்டுப்போன வரிகளோடு. அந்தத் தாய் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

முடிவில் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். அரங்கம் முழுக்க அசையும் கைகள். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்களாம். பட்டை போட்ட கையையும் சேர்த்துத் தூக்கி நானும் அசைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அந்தக் கூட்டத்தை நடத்திய சங்கத்தார் இனி மாதாமாதம் வைக்கப் போகிறார்களாம். மேலாளர் என் மேசைக்கே நடந்து வந்து, "ரெண்டு பேர் வேணுமாம். கூட யாரைச் சேத்துக்கலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் காத்திருக்கட்டும், தப்பில்லை.

சாயங்காலம் நாத்தனார் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அவள் அலுவலகத்தில் தமிழில் தட்டுகிறவர்களுக்கும் அதே தொல்லையாம். என் கோப்பு வேண்டுமாம். அனுப்பிவிட்டேன். முதல் வரிக்கு மேல் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: "தமிழில் தட்டிக்கொண்டே தாவலாம். பயப்படாதீர்கள்."