அப்பாவின் காருக்குப் பேட்டரி தேடியது

பதுளை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் நிஷாந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்பு சுகம், உன் உடம்பும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். அதற்காக ரெங்கம்மா அத்தை கதிர்காமக் கந்தனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் உன்னிடமே கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடு. கடிதம் எதற்கு, போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ அழத் தொடங்குவாய், நான் பேச்சை நிறுத்திவிடுவேன், பிறகு இருவரும் சாப்பிட்டாயா சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அப்பா போன இந்த ஒரு வருடமாக அப்படித்தானே நடக்கிறது. எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வரமாட்டாய்.

இங்கே மழை விட்டபாடில்லை. ஸ்பிரிங்வெளி பாதையில் மண் சரிந்த இடத்தில் இன்னும் ஒரு பக்கத்தால்தான் வாகனம் போகிறது. அத்தை தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இருக்கிறார், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நான் வைக்கும் குழம்பில் உப்பில்லை என்ற குறையும் அப்படியே இருக்கிறது. பாடசாலையில் எனக்கு இந்தத் தவணையும் உயர்தர வகுப்புத்தான். துணி ஒன்றும் காயவில்லை, அப்பாவின் சட்டைகளில் பூஞ்சணம் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பத் துவைத்தேன். யார் போடப்போகிறார்கள் என்று அத்தை கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருஷத் திவசத்துக்கு முதல் வாரம் நீ ஒன்று கேட்டாய். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரத்தில் அப்பா போனதால் உன்னால் வர முடியவில்லை, சித்தப்பா கொள்ளி வைத்ததை அங்கிருந்து போனில் பார்த்தாய், மழையில் படம் நின்று நின்று வந்தது என்று பிறகு சொன்னாய். அப்பா செத்தது எனக்கு இன்னும் நடக்கவே இல்லைம்மா, அவரு காரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தை மட்டும் அனுப்புங்க, வேற எதுவும் வேணாம் என்று சொன்னாய். பார்க்கலாம் என்றேன். ஒரு இன்ஜின் சத்தம் என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். ஆனால் இந்த ஒரு வருடத்தில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பாவின் பழைய எம்.ஜி. கார் ஒரு வருடமாகக் கொட்டகையை விட்டு அசையவில்லை. கருமாதி முடிந்த அன்றே அத்தை சொல்லிவிட்டார், வருஷம் திரும்புறதுக்குள்ள என் தம்பி வண்டியைக் கிளப்பாத சுபா, அது அவனையே தூக்கத்துல எழுப்புற மாதிரி என்று. ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருடமும் அப்பா சந்தனம் வைப்பார், நீ நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பாய், அவர் ஏறி நசுக்கிக்கொண்டு வெளியே எடுப்பார். துக்க வீட்டில் பூஜை இல்லை என்று அதுவும் நடக்கவில்லை. பேட்டரி சும்மா கிடந்தால் ஈயத் தட்டில் வெள்ளை படிந்து செத்துவிடும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பிக்கிறவள் நான். தெரிந்தும் அத்தைக்குத் தலையாட்டினேன். நம்பிக்கையால் இல்லை. எனக்கும் அந்தச் சத்தம் வேண்டாம் என்றிருந்தது.

திவசம் முடிந்த மறுநாள் அப்பாவோடு பேக்டரியில் வேலை செய்த வீரசிங்கத்தைக் கூப்பிட்டேன். நீயும் அப்பாவும் எத்தனை லீவு நாட்கள் அந்தக் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தீர்கள், நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். சீட்டுகளுக்குப் பின்னால் பலகையைத் தூக்கினால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி, குழிக்கு ஒரு ஆறு வோல்ட் பேட்டரி. இரண்டும் சேர்ந்தால்தான் பன்னிரண்டு, அப்போதுதான் வண்டி கிளம்பும். இரண்டுமே உப்புப் பூத்துப் போயிருந்தன. சார் இதுக்கு எங்கேயிருந்து வாங்குவாரோ தெரியாதுங்க டீச்சரம்மா, கேட்டா சிரிப்பாரு என்றார் வீரசிங்கம்.

பதுளையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஷிப்னா என்னிடம் படித்த பிள்ளை. ஆறு வோல்ட்டா டீச்சர், அது எங்க வாப்பா காலத்துலயே மௌத்தாகிடுச்சே என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டுக்காரியிடம் சாவுப் பேச்சா என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து அவள் இன்னும் பயந்துவிட்டாள். பண்டாரவளைக்குப் போனோம். ஒரு கடைக்காரர் இதுவும் ஆறு வோல்ட்தான் என்று எமர்ஜென்சி லைட்டுக்குப் போடும் பேட்டரியை எடுத்து வைத்தார், சவர்க்காரக் கட்டி அளவு. இதை வச்சா வண்டி கிளம்பாதுங்க, தும்மும் என்றார் வீரசிங்கம். பூனாகலைப் பக்கம் இதே எம்.ஜி. கார் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு மழையோடு மழையாக அங்கேயும் போனோம். கார் இருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பாமல் பின்னால் பார்த்தோம், குழியில் வைக்கோல்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் தேத்தண்ணி தந்து, குஞ்சு பொரித்ததும் வந்து இரண்டு கொண்டுபோங்க என்றார்கள்.

பிறகு ஷிப்னாவே போன் எடுத்தாள். சின்ன ஜப்பான் காருக்குப் போடும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று அந்தக் குழியின் அளவுக்குச் சரியாக இருக்கும், ஒரு பக்கத்தில் அதை வைத்தால் போதும் என்றாள். ரெண்டு பேரு இழுத்ததை இது தனியாவே இழுத்துரும் டீச்சர், மத்தப் பக்கம் சும்மா கிடக்கட்டும் என்று அவள் வியாபாரப் பேச்சாகத்தான் சொன்னாள். நான் கடைக்குப் போய், எனக்கு இரண்டுதான் வேண்டும் என்று நின்றேன். ஆறும் ஆறும் பன்னிரண்டு, பன்னிரண்டும் பன்னிரண்டுதான், மின்சாரத்துக்கு அதில் வித்தியாசம் இல்லை என்று என் மாணவி எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள், நான் சின்னப் பிள்ளையைப் போல இரண்டு இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவள் நான் உட்கார ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் நானே கூப்பிட்டு, சரி மகள், அதையே அனுப்பு என்றேன்.

நேற்றுப் பின்னேரம் வீரசிங்கம் வந்து பூட்டினார். எல்லா வாகனத்துக்கும் செய்வது போல மைனஸ் வயரைப் பாடியில் கொடுக்கப் போனார், நான் தடுத்தேன். இந்தக் காருக்கு பிளஸ்தான் பாடிக்கு என்று அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது சமையலறையிலிருந்தே என் காதில் விழுந்திருக்கிறது. வீரசிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். ஆமாங்க, மறந்தே போனேன், இது எங்க டீச்சரம்மா மாதிரி, ஊரு ஒரு பக்கம்னா இது மறுபக்கம்னு சார் பேக்டரியில எல்லாருக்கிட்டயும் சொல்வாரே என்றார். இத்தனை காலமும் அப்பா பேக்டரி முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார் பார், எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

பெற்றோல் புதிதாக ஊற்றி, கொஞ்சம் இருமி, கார் கிளம்பிவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ அந்தச் சத்தத்தைக் கேட்டதெல்லாம் சமையலறை மேசையில் பாடம் எழுதிக்கொண்டுதானே, சனிக்கிழமைகளில் அப்பா மேடு ஏறி வரும்போது. அதனால் போனைச் சமையலறை ஜன்னலில் பதிவில் வைத்துவிட்டு, வீரசிங்கத்தைக் கீழே பாலம்வரை போய்த் திரும்பி ஏறி வரச் சொன்னேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார், வீட்டில் நான் மட்டும். முதல் வளைவில் சத்தம் வந்தது. இரண்டாவது வளைவில் கியர் குறைத்து ஒரு உறுமல், அது அப்பா செய்வது போலவே இருந்தது. நான் ஜன்னலடியில் ஒன்றும் செய்யாமல் நின்றேன். நின்றேன் என்றுதான் நினைத்தேன். கார் வந்து நின்று, வீரசிங்கம் கை கழுவிக்கொண்டு வந்தபோது அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, மேசையில் அப்பாவின் கோப்பை இருந்தது, சீனி போடாத தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டது. அதை வீரசிங்கத்திடம்தான் கொடுத்தேன். அவர் சீனி கேட்கவில்லை. குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு போனை எடுத்துக் கேட்டேன். கார் ஏறி வருகிறது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. பைப்பில் தண்ணி பிடிக்கிற சத்தம், கோப்பை வைக்கிற சத்தம். கார் முற்றத்துக்கு வந்ததும் என் குரல் கேட்கிறது. வந்தாச்சா, கேட்டைச் சாத்திட்டு வாங்க என்கிறேன். நான் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது மகன். சத்தியமாகத் தெரியாது. அதற்குப் பதில் வரவில்லை. இன்ஜின் நிற்கிறது, பிறகு வீரசிங்கம் கேட்டைச் சாத்துகிறார்.

அதனால்தான் பதிவை அனுப்பாமல் முதலில் கடிதம் எழுதுகிறேன். என் குரலை வெட்டிவிட்டு அனுப்பலாம், வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். வெட்ட மனம் வரவில்லை. இது கையில் கிடைத்ததும் சொல், அனுப்புகிறேன். தனியாக இருந்து கேட்காதே, அறைத் தோழன் வேலை முடிந்து வந்த பிறகு கேள். அழுகை வந்தால் அழு, அதற்காக எனக்குப் போன் எடுக்கப் பயப்படாதே, இனி நான் பேச்சை நிறுத்தமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரசிங்கம் வந்து காரைக் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் போவார், அத்தையும் சரியென்று சொல்லிவிட்டார், வரும் ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் தானே வைப்பாராம். மற்றக் குழியில் சாமான் வைக்கப் பெட்டி அடிக்கட்டுமா என்று வீரசிங்கம் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அப்பா போனது உனக்கு இன்னும் நடக்கவில்லை என்றாய். உன்னைப் பற்றி மட்டும் சொல்கிறாய் என்று நினைத்தேன். எனக்கும் அது நேற்றுத்தான் நடந்தது.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு. அத்தையின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு. கம்பளிக் காலுறை போடு, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சுபாஜினி