வீனஸின் புருஷன்

6.9.1991, வெள்ளி

இன்று ஒன்பதாம் வகுப்பில் கோள்கள் பாடம். வெள்ளிக்கு வீனஸ் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். ரோமானியர்களின் அழகுத் தெய்வம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் குரலை உயர்த்தினேன். அவளுடைய புருஷன் வல்கன் ஒரு கொல்லன், கால் நொண்டி, அதனால் அவள் போர்க்கடவுளான மார்ஸோடு, அதாவது நம் செவ்வாயோடு, கள்ளத்தனமாகப் பழகினாள் என்றேன்.

வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் சபாபதி. இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவர். அவர் மனைவியையும் டிரில் மாஸ்டரையும் சேர்த்துப் பள்ளி முழுக்கப் பேச்சு. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பக்கம் சாக்பீஸ் சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு வரவேண்டிய உதவித் தலைமையாசிரியர் பதவி போன வாரம்தான் சபாபதிக்குப் போனது.

சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அந்தப் புருஷன் அப்புறம் என்ன பண்ணான்?"

"வலை போட்டு ரெண்டு பேரையும் பிடிச்சான். மத்த சாமிங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"யாரைப் பாத்து?"

"நொண்டியைப் பாத்துதான் சார்."

அவர் தலையாட்டினார். தாம்பரம் பஸ் வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை.

கதையில் தெய்வங்கள் சிரித்தது வலைக்குள் கிடந்த இருவரையும் பார்த்து. அது எனக்கு அப்போதே தெரியும். திங்கட்கிழமை அவர் மறுபடி கேட்டாலும் சொல்லப்போவதில்லை.