பையைப் பிரிக்காதே

மார்ச் 4

என் தங்கத் தம்பிக்கு,

ஆறு வருஷத் தண்டனையைக் குறைக்க முடியாது என்று நீதிபதி சொன்னதில் சுருண்டு படுத்திருப்பாய். எழுந்திரு! மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. கோர்ட் வாசலில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இதைவிட மோசமான தீர்ப்பெல்லாம் மேலே போய் மாறியிருக்கிறது. பிரதி எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

லிஃப்ட் கதவு ஸ்விட்ச் பழுதானதும், கதவு மூடாமலே ஓடும்படி வயரைப் போட்டுவிட்டது மெக்கானிக்கான நீதான். மூன்றாம் மாடி டீச்சர் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்ததும் அதனால்தான். மறுக்கவில்லை. ஆனால் யாரோ சொல்லித்தானே ஓட்டினாய்? அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் ஆறு வருஷம் மூன்றாகும் என்கிறார் வக்கீலம்மா.

அந்தக் கட்டிடத்து மேனேஜர் உன் அத்தான்தானே, ஓட்டச் சொன்னது யார் என்று அவரைக் கேட்டேன். "முடிஞ்சு போனத ஏன் கிளறுற?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். உன் டூல் பை பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்ததில் எனக்கு ஏக மரியாதை.

மேல்முறையீடு வேண்டாம். வயரைப் போட்டது என் கை. விசாரணைக் கைதியாகவே இரண்டு வருஷம் ஓடிவிட்டது, மிச்சமும் ஓடும். டூல் பையைப் பிரிக்காதே, அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு. உன் பெரியவளுக்குப் பரீட்சை வருகிறது. அத்தானை ஒன்றும் கேட்காதே.

தம்பி

மார்ச் 19

மக்குத் தம்பிக்கு,

துருப்பிடித்த ஸ்க்ரூவைக்கூட எடுத்து வைக்கிறவன், பையையே தூக்கிப் போடச் சொன்னால் நான் பிரிக்காமல் இருப்பேனா?

அடியில் அந்த லிஃப்ட்டின் சர்வீஸ் அட்டை. "கதவு ஸ்விட்ச் பழுது, ஓட்டக்கூடாது" என்று மூன்று தேதியில் எழுதியிருக்கிறாய். கீழே, "இப்போதைக்கு ஓட்டு, பிறகு பார்க்கலாம்." கையெழுத்து யாருடையது என்று நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் வருஷா வருஷம் பார்க்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஜெராக்ஸ் கடைக்காரியிடமே காகிதத்தை மறைத்தீர்களே!

முதலில் ஐந்து பிரதி எடுத்தேன். பிறகுதான் அவரிடம் நீட்டினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அவனே வாயத் திறக்கல, நானும் இருந்துட்டேன்" என்றார். நான் தெருவில் நிற்கக்கூடாது என்றுதானே சும்மா இருந்தாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

பெரியவளிடம் சொன்னேன். அழுதாள். முகம் கழுவிக்கொண்டு, "மாமா எப்போ வருவாங்க?" என்றாள்.

அட்டை வக்கீலம்மாவிடம் போய்விட்டது. மனு இத்துடன் இருக்கிறது. பென்சில் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ வருவாய்.

அவர் உள்ளே போக நேர்ந்தால் அவருக்கும் வாராவாரம் எழுதுவேன். விலாசம்தான் மனப்பாடமாயிற்றே.

உன் அக்கா