கதவுக்கு உள்பக்கம்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் சுகம்தான் என்று உங்கள் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துகொண்டேன். எழுத்து நேராக நிற்கிறது. போன வருடம் கடை ரசீதில் நீங்கள் போட்ட கையெழுத்தே உங்களுக்கு அடையாளம் தெரியாமல் முழித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் முதலில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று மறுவாழ்வு இல்லத்தில் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கே போன் பேச விடாதது ஒரு வகையில் நல்லதுதான். போனில் என்றால் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நான் சரி சரி என்று வைத்துவிடுவேன். எழுத்தில் நான் அவ்வளவு சீக்கிரம் மடங்க மாட்டேன்.

மருந்துக் கடை வேலை முடிந்ததும் மாலையில் நம் பூட்டுக் கடையைத் திறக்கிறேன். சாவி வெட்டும் மெஷின் இப்போதுதான் என் சொல் கேட்கிறது. ஆரம்பத்தில் நான் வெட்டிய சாவி எந்தப் பூட்டுக்குள்ளும் போகவில்லை. "அக்கா, இதை வச்சுக் காதுதான் குடையணும்" என்று பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று அவர்தான் ஓயாமல் கேட்கிறார். "வந்ததும் ஒருநாள் நாங்க எல்லாரும் சேர்ந்து கொண்டாடணும். ஆம்பளைன்னா ஒரேயடியா சாமியாரா ஆயிட முடியுமா?" என்றார். அந்த மாதிரிக் கொண்டாட வந்தால் ஷட்டரை இறக்கிக் காலில் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சின்னவன் கட்டிலில் ஏறிக் குதித்தான். பெரியவள் கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்தாள். "அப்பா வரட்டும். ஆனா என் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் வேணும். அதை அவரே போடணும்" என்றாள்.

எந்தத் தாழ்ப்பாள் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கழற்றியதுதான். நாலு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று தேடித் தேடிப் படித்தேன். குடித்த நாள்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். இது குடிக்காத நாளில் நடந்ததால் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

இதைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. இல்லத்துக்குப் போகும் முன்பு நீங்களாகவே குடியை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தீர்களே, அந்த மாதங்களில்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். குடித்துவிட்டு வந்தால் வண்டி நிறுத்தும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துவிடுவோம். குடிக்காத மனுஷனிடம் எதை வைத்து உஷாராக இருப்பது? உப்பு குறைந்தால் தட்டு பறந்தது. சின்னவன் சிரித்தால் என்னடா இளிப்பு என்றீர்கள், சிரிக்காவிட்டால் மூஞ்சியை ஏன் தூக்கி வச்சிருக்கே என்றீர்கள். யாராவது ஏதாவது சொன்னால், "நான்தான் குடியையே விட்டுட்டேன்ல, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" அதற்கு மேல் பேச யாருக்கு வாய் இருக்கும்? குடியை விட்டதை எங்களுக்குச் செய்த பெரிய உபகாரமாகச் சொல்லிச் சொல்லியே வாயை அடைத்தீர்கள். அப்புறம் அந்த விட்டதும் நிலைக்கவில்லை, மறுபடி குடித்தீர்கள்.

தாழ்ப்பாளைக் கழற்றிய அன்று பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் கூப்பிட்டதும் திறக்கவில்லை. திறந்த பிறகு நீங்கள் கத்தவில்லை, கை நீட்டவும் இல்லை. "என் வீட்டுல எனக்கே கதவைச் சாத்துறியா?" என்று கேட்டுக்கொண்டே, பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நிதானமாக ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினீர்கள். குடித்திருந்தால் அதற்குக் கை நின்றிருக்காது. அதனால்தான் அவள் மறக்க மாட்டேன் என்கிறாள். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது படிக்கிற மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். நீங்கள் இங்கே இல்லாத இத்தனை நாளும் அப்படித்தான்.

நானே போட்டுவிடுகிறேன், நம் கடையில் தாழ்ப்பாளுக்கா பஞ்சம் என்றேன். "நீ போட்டா அவர் கழட்டிடுவாரும்மா. அவரே போட்டாத்தான் நிக்கும்" என்றாள்.

உங்கள் அக்காவிடம் சொன்னேன். பிடித்துக்கொண்டார். "வர்ற புருஷன்கிட்ட கண்டிஷன் போடுற வீடு உருப்படுமா? பெத்த அப்பனைத் தாழ்ப்பாள் போட்டு வெளியே நிறுத்துறதா?" என்றார். இத்தனை வருஷம் கண்டிஷன் போடாமல் என்னத்தை உருப்பட்டோம் அண்ணி என்று கேட்டேன். பிறகு, சரிப்படாவிட்டால் தன் வீட்டு மாடி அறையில் நீங்கள் தங்கிக்கொள்ளலாம் என்றார். அறையைக் கூட்டி, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் போட மனசு இருந்தால் இங்கே வாருங்கள். இல்லையென்றால் நேராக அங்கே போய்விடுங்கள். வாசலில் வந்து நின்று வாதாட மட்டும் வேண்டாம். இதைத் துணிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. மாடி வீட்டுக் குழந்தை குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாரும் கதவை உடை, உடை என்று கத்தினார்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, கதவோடு வாயை வைத்து, "தங்கம், மாமா இங்கயேதான் இருக்கேன். அவசரமே இல்லை" என்று பேசிக்கொண்டே பூட்டைத் திறந்தீர்கள். குழந்தை சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்த அந்தக் குரல் என் பிள்ளைக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மனுஷனுக்காகத்தான் இத்தனை நாள் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். அவர் வரட்டும்.

நேற்றுப் பெரியவள் ஒன்று கேட்டாள். "நான் தாழ்ப்பாள் போட்டுட்டு, அவர் கூப்பிட்டும் திறக்கலைன்னா அப்பா என்னம்மா பண்ணுவார்?"

ஒன்றும் பண்ண மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அப்பாவிடமே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனசு திடமாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பதில் போடுங்கள். எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கே போடுங்கள்.

உங்களுக்காக வேண்டிக்கொண்டிருக்கும்
மனைவி