நீ கொடுக்காத மனு

இன்று காலை இங்கே கொழும்புக்கு உன் மனைவி அனுப்பிய உறை வந்தது. பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே என் கையெழுத்தில் ஒரு மனு. திருவிதாங்கூரில் நிரந்தர வாசத்தை விட்டுவிட்டேன், இனித் திரும்பும் உத்தேசமில்லை என்று பதினைந்து வருஷத்துக்கு முன் சர்க்காருக்கு நான் எழுதியது. உன் பெட்டியின் அடியில் இருந்ததாம். அதில் ஆபீஸ் முத்திரை இல்லை, நம்பர் இல்லை. நீ அதைக் கொடுக்கவேயில்லை. நீ கண்ணை மூடி இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு இது தெரிகிறது.

படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலையில்லாமல் நான் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அளந்துகொண்டிருந்தபோது கொழும்பில் இந்த உத்தியோகம் வந்தது. இங்கேயே தங்கிவிடுகிறவனுக்குத்தான் வேலை என்று, ஊர் உரிமையை விட்டதற்கு அடையாளமாக மனுவின் நகலைக் கேட்டார்கள். நகலை அவர்களுக்கு அனுப்பினேன். அசலை, மனு வாங்கும் குமாஸ்தாவான உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் கொடுப்பேன்? குளப்படியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தாய். கடைசி வரியில் விரலை வைத்து, இது இல்லாமல் முடியாதா என்று கேட்டாய். முடியாது என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

"நான் பார்த்துக்கறேன். நீ சமாதானமாப் போயிட்டு வா, கேட்டயா."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்! அகப்பட்டிருந்தால் உன் வேலை போயிருக்கும். அசட்டுத் துணிச்சல்காரா.

ஒவ்வொரு ஆறாட்டுத் திருவிழாவுக்கும் எழுதினாய், வந்துவிடேன், இங்கேயே இருந்துவிடலாம் என்று. எனக்கு எரிச்சல். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு அங்கே என்ன இருக்கிறது, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு உன் கடிதங்களில் மழையும் அரிசி கிடைக்காத பாடும்தான். யுத்த காலம், கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள், இதை எப்படி எழுதுவாய்? ஆனாலும் கோபம் வருகிறது. யுத்தம் முடிந்த பிறகாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். தெரிந்திருந்தால் அடுத்த கப்பலில் வந்திருப்பேன். நீயும் இருந்திருப்பாய்.

சர்க்கார் ஏட்டில் நான் இன்னும் நம் வலியசாலைத் தெருக்காரன்தான். நாளைக்கே வரலாம்.

மத்தியானம் ஆபீசில் புதிதாக வந்த ஒருவர் ஊர் எது என்றார். இத்தனை வருஷமும் "முன்னே திருவனந்தபுரம்" என்றுதான் சொல்லி வந்தேன். இன்று "திருவனந்தபுரம்" என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.