சூளையில் நீ தூங்கவில்லை

காலையில் அலமாரியைத் துடைத்த என் மகள் அந்த ஊறுகாய் ஜாடியை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் சரிந்து, வாய் கோணி, மூடி உட்காராத ஜாடி. "இது எதுக்குப்பா? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள். "வைடி அங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? விருத்தாசலத்தில் நீ கடைசியாக எரித்த சூளையில் வெந்தது அது.

நீ சூளை ஆபரேட்டர். நான் அந்தச் சூளைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவன். துவாரத்தில் கண்ணை வைத்துத் தீயின் நிறம் பார்த்துக்கொண்டிருந்த உன்னிடம், "கண்ணக் கெடுத்துக்காதடா, இனிமே ஸ்கிரீனப் பாத்தா போதும்" என்று சொன்னதும் நானேதான். "மிஷினு பொய் சொன்னா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன்.

அன்று மதியம் சூடு ஏறிக்கொண்டே போக, திரையில் ஒரே எண் நின்றது. சந்தேகப்பட்டு, துவாரத்தில் பார்த்து, ஓடிப்போய் பர்னரை அணைத்தவன் நீ. அதற்குள் சூளையிலிருந்த ஜாடி அத்தனையும் சரிந்துவிட்டது. "சோத்தத் தின்னுட்டுத் தூங்கிட்டான்" என்றார் முதலாளி. "நான் தூங்கலடா, நீயாவது சொல்லேன்" என்று என்னைப் பார்த்தாய். என் புரோகிராமில் தப்பிருக்காது என்ற திமிரில் நான் தரையைப் பார்த்தேன். அன்றே உன் வேலை போனது. சில மாதங்களில் துபாய்க்குப் போய்விட்டாய்.

பிறகுதான் கண்டுபிடித்தேன். என் புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் ஓடும், த்ரெட் என்போம். சூட்டைப் படிக்க ஒரு த்ரெட். அதைத் திரையில் காட்டி, அளவு மீறினால் பர்னரை நிறுத்த இன்னொன்று. இரண்டும் ஒரே சமயத்தில் அந்த எண்ணைத் தொடாதிருக்க ஒரு லாக்; அதை எடுத்து வைத்திருக்கும் த்ரெட்தான் எண்ணைத் தொடலாம். லாக்கை எடுத்த த்ரெட், வேலை முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். சென்சார் ஒயர் லூசானதும், படிக்கிற த்ரெட் லாக்கை விடாமலே முடிந்துபோயிருக்கிறது. மற்றது அந்த லாக்குக்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பர்னர் வால்வுச் சாவி ஒன்றே ஒன்று. ஷிப்ட் முடிப்பவர் அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒருநாள் மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பெண்ணாடம் பஸ் ஏறிவிட்டாய். பாதி வழியில் இறங்கி, காலியாக வந்த கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தாய். "அங்க ஒருத்தன் காத்துக்கிட்டு நிக்கிறான்ல" என்றாய்.

த்ரெட் வெளியேறும் இடத்தில் லாக்கை விடும்படி ஒரு வரி சேர்த்தேன். சரியாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. நீ லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ கட்டடத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்தாய்.

அடக்கத்தன்று உன் மனைவி கேட்டாள்: "தூங்கிட்டாருன்னு ஊரே சொல்லுச்சுண்ணே. அவரு தூங்குவாராண்ணே?" "அவன் தூங்க மாட்டாம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ச்சீ, நானும் ஒரு மனுஷன்!

இன்று மகளைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பெண்ணாடத்து அத்தைக்குத் தெரியுமாப்பா?" என்றாள்.

ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெண்ணாடம் பஸ் இதுவரை மூன்று போய்விட்டது.