வாயாடி என்று எழுதிய மெழுகுத் துண்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், என் முட்டிவலி என்னைவிடச் சுகம். நீ நலம் என்று எழுதுவதை இனிமேல் அப்படியே நம்பப் போவதில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டு வேண்டும், ஆராய்ச்சிக்கு என்று மூன்று தடவை எழுதினாய், நானும் நம்பினேன். நீ அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் நோயாளி என்ற கட்டத்தில் உன் பெயரைப் பார்த்தேன். போன மாதம் போனில் தலைவலி, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேலை ஜாஸ்திப்பா என்றாயே, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி என்று தெரிவதற்கு முன்னால் உன் அம்மாவும் இதையேதான் சொன்னாள். கோபம் இல்லை பாப்பா, பயம்தான்.

அம்மாவின் ஆபரேஷன் நம்பரில் துண்டே இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் பதில் வந்தது என் தப்பு. முப்பத்தொரு வருடம் அந்த லேபில் சதையை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடியில் ஏற்றியவன், ஒரு நம்பர் மாற்றி எழுதியதில்லை. அம்மாவின் துண்டு லேபுக்கு வந்த அன்று பெரிய டாக்டர், நீங்க வேணாம், வேற ஆளைப் பண்ணச் சொல்றேன் என்றார், நான் கேட்கவில்லை. அவளை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. மெஷினில் ஒழுங்காகவே சீவினேன், பென்சிலை எடுத்து மெழுகுத் துண்டில் நம்பர் எழுதப் போனபோதுதான் வாயாடி என்று எழுதிவிட்டேன். வீட்டில் கூப்பிடுகிற பெயர். அழிக்கவும் தோன்றவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா, தையல் பிரித்த அன்றே லேபுக்கு வந்து, என்னோடதை நான் பாக்கக்கூடாதா என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டாள். ரோஸும் ஊதாவுமாகச் சாயம் ஏறிய செல்களைப் பார்த்து, புடவைக்கு நல்லா இருக்கும் என்றாள். நீ அப்போது படிக்கப் போன புதிது. செல்லுக்குச் சாகும் வேளையைச் சொல்கிற மரபணு இருக்கு, அதைத் தடுக்கிற மரபணுவும் இருக்கு, கட்டியில சொல்றது ஊமையாகிடும், தடுக்கிறது ஓங்கிடும் என்று போனில் விளக்கினாய். சொன்ன பேச்சைக் கேக்காத செல்லா, அப்ப என்னோடதேதான் என்று அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு வருடம் வீடு நிறையப் பேசினாள். இப்போது ரேடியோவைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று நாள் லேபின் ஸ்டோர் ரூமில் தட்டுத் தட்டாக இறக்கிப் பார்த்தேன். நேற்றுதான் என் கையெழுத்து கண்ணில் பட்டது. இப்போது லேபைப் பார்த்துக்கொள்கிற பெண், யாரு சார் இந்த வாயாடி என்றாள். என் வீட்டுக்காரம்மா என்றேன். பிறகு அவள் சரியான நம்பர் போட்டுப் பதிந்து கொடுத்தாள். படிவத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

அம்மா வழியாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க உன் ரத்தத்தையும் உடனே கொடுத்துவிடு, தள்ளிப்போடாதே. முடிவு எதுவானாலும் முதலில் எனக்குச் சொல், வேலைமேல் பழி போடாதே. நூறு வயது நன்றாக இரு. ஒன்று மறக்காதே, அந்த மெழுகில் இருப்பது கடுகளவுதான், மெல்லிசாகச் சீவச் சொல், கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். உனக்குத் தேவை என்றால் முழுவதையும் சீவிவிடட்டும். உனக்கென்று வந்தால் அவள் எதையும் மிச்சம் வைத்ததில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா